தகப்பனைக் கேட்க வேண்டும்

வேதத்தை வாய்விட்டு வாசிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னபோது அவளுடைய நாத்தனார் நம்பவே இல்லை. "அதுக்குப் புண்ணியம்தானே குடுப்பாங்க?" என்று கேட்டாள். புண்ணியம் தனி, சம்பளம் தனி என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரிக்கிற காலமாகத்தான் அது இருந்தது. வயிற்றில் அப்போது மூன்று மாதம்.

பார்வை இல்லாதவர்களும் கண் மங்கிப்போனவர்களும் கேட்பதற்காக வேதம் முழுவதையும் ஒரே குரலில் பதிவுசெய்ய ஒரு அறக்கட்டளை முடிவெடுத்திருந்தது. குரல் சோதனைக்கு ஊர்ப்பட்ட பேர் வந்தார்கள். பிரசங்கிகள் ஒவ்வொரு வரியையும் மிரட்டலாக வாசித்தார்கள். நாடகக்காரர்கள் ஒவ்வொரு வரிக்கும் அழுதார்கள். இவளோ ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அவள் சொன்னால், ரயில் வராததைக்கூட மனிதர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி ஒரு குரல், அதுதான் தேறியது. அன்றிலிருந்து அந்த இடத்தில் அவளுக்குக் குரல்காரி என்றே பெயராகிவிட்டது.

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி ஏறினால் ரப்பர் வாசனையும் கூடவே ஏறிவரும். உள்ளே ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் மேசை, கணினி, மூன்று நாற்காலி. அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள் உட்காரும்படி ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் சாம்பல்நிற ஸ்பாஞ்சு ஒட்டியது. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் பஸ்சும் இல்லை, டயர் கடைச் சுத்தியலும் இல்லை. காலையா சாயங்காலமா என்றுகூடத் தெரியாது. மங்கலான ஒரு விளக்கு, முகத்துக்கு முன்னால் ஒரு மைக், தன் ரத்தம் தன் காதுக்குள் ஓடுகிற சத்தம், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் ஒலிப்பதிவாளர், தொப்பையும் பொறுமையும் ஒருங்கே வாய்த்தவர். வாசிக்கும்போது விழுகிற மூச்சுச் சத்தத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெட்டி எறிவது அவர் வேலை என்பதால் அவருக்கு மூச்சுவெட்டி என்று பெயர். இன்னொருத்தி சரிபார்ப்பவள். வேதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பாள். ஒரு எழுத்து பிசகினால் போதும், பென்சில் மேலே போகும். பென்சில் மேலே போனால் அந்த வரி மறுபடியும் முதலிலிருந்து. பெற்ற மூன்று பிள்ளைகளையும் இப்படித்தான் வளர்க்கிறாள் என்று மூச்சுவெட்டி சொல்வார். அவளைப் பென்சிலம்மா என்று அவள் முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள். பிசகாகக் கூப்பிட்டால்தான் கோபம்.

வேலை தொடங்குமுன் தினமும் ஒரு சடங்கு உண்டு. குரல்காரி உள்ளே போய் ஆடாமல் அசையாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அன்றைய அறையின் மௌனத்தை மூச்சுவெட்டி பதிவுசெய்துகொள்வார். மூச்சை வெட்டி எடுத்த பள்ளங்களில் போட்டு நிரப்ப மௌனம் வேண்டுமாம். காலியாக விட்டால் கேட்கிறவர்களுக்குக் காது அடைத்த மாதிரி இருக்குமாம். ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு மௌனம், நேற்றையது இன்றைக்கு ஒட்டாது என்று அவர் சத்தியம் செய்தார். முதலில் அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் உள்ளே ஏதோ புரண்டது. முதல் அசைவு. மீன் திரும்புகிற மாதிரி. ஆடக்கூடாது என்பதால் அவள் ஆடவில்லை, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பென்சிலம்மா காரணம் புரியாமல் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நாட்கள் ஒரு நீண்ட பகல்தூக்கம் போல இருந்தன. வேதத்தின் முதல் பகுதியில் நதிகள் பிரிந்தன, மலைகள் புகைந்தன, ஆட்டுமந்தைகள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நடந்து போயின. அவள் வாசிக்க வாசிக்க அவையெல்லாம் ஸ்பாஞ்சுச் சுவரில் நிழலாக ஓடும். குழந்தைக்கு எது பிடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வெள்ளம் வந்தாலும் போர் வந்தாலும் அது சட்டை செய்யாது. வம்சப்பட்டியல் வந்தால்தான் ஆட்டம். இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான் என்று எல்லாரும் கொட்டாவி விடுகிற இடம் இருக்கிறதே, அங்கே உள்ளே ஒரே அமர்க்களம். "தூங்குற இடத்துல முழிச்சுக்குது, முழிக்கிற இடத்துல தூங்குது. பெரிய பக்தியா வரும்" என்றார் மூச்சுவெட்டி. அவருக்கு அப்போது வேலை இரட்டிப்பு. அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு பேருக்குமா மூச்சு விடுற, நான் ஒருத்தன் வெட்டுறேன்" என்று அலுத்துக்கொள்வார்.

ஆறாம் மாதத்தில் அசைவு நின்றது. யாரும் தள்ளவில்லை, வழுக்கி விழவில்லை, ஆகாததை எதையும் தின்னவில்லை. சும்மா நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆறுதல் சொல்கிறவர்களுக்கு என்றைக்குமே ஒரு அவசரம், அழுகை நின்றுவிட்டால் எழுந்து போய்விடலாம் என்று. மருத்துவர் அதைக் கரு என்றார். ரயில் நிலையத்துப் பழைய தோழி, "பொறந்து போயிருந்தாதான் கஷ்டம், இது பொறக்கவே இல்லையே, விடு" என்றாள். நாத்தனார் வேறு விதம். வேதத்தின் பாடல் பகுதியில் ஒருவன் பாடுகிறான், தாயின் வயிற்று இருட்டில் நான் ஒரு பிடி சதையாக இருந்தபோதே கடவுள் என்னைக் கண்டார் என்று. அதை அவள் மனப்பாடமாகச் சொல்லி, "பாத்தியா, உன் பிள்ளையையும் அவர் பாத்திருப்பாரு" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். குரல்காரிக்கு வந்ததோ ஆத்திரம்.

"அவன் வெளிய வந்துட்டான் அண்ணி. வந்துதான் பாடினான். என் பிள்ளை எங்க பாடுச்சு?" என்று கேட்டாள். நாத்தனார் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

கணவன் ஒன்றுமே சொல்லவில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். உயரமான கட்டடங்களில் நின்றுபோன லிஃப்டுகளை மறுபடி ஓடவைப்பான். வீட்டுக்கு வருவான், கையைக் கழுவுவான், சாப்பிடுவான், அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் படுத்துக்கொள்வான். அந்தப் பேச்சு மட்டும் அவன் வாயில் வரவில்லை. அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லையோ என்று அவள் நினைத்தாள். நினைத்து நினைத்து ஒருநாள் அப்படித்தான் என்று முடிவும் கட்டிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். மூச்சுவெட்டி வழக்கத்துக்கு விரோதமாக எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். பென்சிலம்மா ஆப்பிள் ஒன்றை நறுக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வாய் ஒட்டாமல் இருக்க வாசிப்பவர்கள் ஆப்பிள் கடித்துக்கொள்வது வழக்கம். நறுக்கித் தருவது வழக்கமில்லை. அன்றைக்கு ஒரு நீளமான வம்சப்பட்டியல் வந்தது. பாதி வாசித்துக்கொண்டிருக்கையில், காலியான வயிற்றுக்குள் அந்தப் பழைய உதை, அதே இடத்தில், நன்றாக விழுந்தது. அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை. பிரமை என்று தெரியும். பிரமையாக இருந்தாலும் பரவாயில்லை என்று இன்னும் கொஞ்சம் மெதுவாக வாசித்தாள்.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. சட்டப் பகுதி வந்தது.

வேதத்தில் சட்டப் பகுதி என்பது அக்கம்பக்கத்துச் சண்டைகளின் தொகுப்பு. யார் வேலியை யார் உடைத்தான், யார் கழுதை யார் வயலில் மேய்ந்தது. குரல்காரி சுகமாக வாசித்துக்கொண்டே போனாள். ஒருவன் பள்ளம் தோண்டி மூடாமல் விட்டு, அதில் அடுத்தவன் ஆடு விழுந்து செத்தால் என்ன செய்வது என்று ஒரு வரி. முட்டுகிற மாட்டைக் கட்டாமல் விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் நடுவில் இருந்தது அது. ஒருவன் தள்ளிவிட்டு, பிள்ளைத்தாய்ச்சி கீழே விழுந்து, அவள் செத்தால் உயிருக்கு உயிர். அவள் பிழைத்துக்கொண்டு வயிற்றுப் பிள்ளை மட்டும் போனால், தண்டம். எவ்வளவு என்பதற்குப் பிள்ளையின் தகப்பனைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அடுத்தது மாடு.

அவள் பாதியில் நின்றுவிட்டாள். பென்சில் மேலே போயிற்று. மறுபடி தொடங்கினாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது முறை வாயே திறக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதை நான் படிக்க மாட்டேன் அக்கா" என்றாள்.

"தண்ணி குடி. குடிச்சிட்டுப் படி" என்றாள் பென்சிலம்மா.

"தண்ணி பிரச்சினை இல்ல. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவுல வச்சு, ஒரு தண்டத்தைப் போட்டு முடிச்சிட்டாங்க. அம்மா செத்தா உயிராம், அது செத்தா காசாம். எல்லாரும் சொல்றதைத்தான் இதுவும் சொல்லுது. அது உயிரே இல்லன்னு."

"அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்லுது?"

பென்சிலம்மா புத்தகத்தை மூடாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். "இதுக்கு விளக்கம் எழுதினவங்க ரெண்டு கட்சி. பிள்ளை போனதுக்குத் தண்டம்னா, பொறக்குற வரைக்கும் அது முழு உயிர் இல்லன்னு ஒரு கட்சி. தண்டம் போட்டதே உயிர்ங்கிறதாலதான், பாட்டுல கடவுள் பாத்தார்னு வருதே, அதையும் சேர்த்துப் படிங்கன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பக்கமும் பெரிய பெரிய ஆளுங்க. நூத்துக்கணக்கான வருஷமா அடிச்சுக்கிறாங்க."

"ரெண்டு பக்கத்துலயும் பிள்ளையைப் பறிகுடுத்தவ யாராவது இருக்காளா?"

மூச்சுவெட்டி இருமினார். அவர் இருமினால் பேச்சை மாற்றச் சொல்கிறார் என்று அர்த்தம். ஆனால் பென்சிலம்மா பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை.

"நான் சொல்றதைக் கேளு. நான் எழுதல, நீயும் எழுதல. எழுதியிருக்கு, படிக்கிறோம். முழு வேதம், ஒரே குரல், அதுதான் ஒப்பந்தம். நீ ஒரு வரியை மாட்டேன்னா, அவங்க வேற ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து முதல் வரியிலேருந்து ஆரம்பிப்பாங்க. நீ இதுவரைக்கும் படிச்சது அத்தனையும் அழிச்சிடுவாங்க. யோசிச்சியா?"

அவள் யோசித்திருக்கவில்லை. இப்போது யோசித்தாள். முதல் பகுதி முழுவதும் அவளோடு சேர்ந்து இன்னொன்றும் அந்த அறையில் இருந்தது. நதிகள் பிரிந்தபோது, ஆடுகள் நடந்தபோது, பட்டியல்கள் வந்தபோது எல்லாம். அந்தக் குரல் அழிந்தால் அதுவும் கூடவே போய்விடும். அந்த வரியை வாசித்தால் என் பிள்ளை ஒன்றுமில்லை என்று என் வாயாலேயே ஊருக்கெல்லாம் சொன்னதாகிவிடும். வாசிக்காவிட்டால் பிள்ளை இருந்ததற்கு இருக்கிற ஒரே தடயமும் அழியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

"முடியலையே அக்கா" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அது அவளுடைய வேலைக்குரலாக இல்லை.

 பென்சிலம்மா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, "நான் போய் அறக்கட்டளைத் தலைவர்கிட்ட பேசிட்டு வரேன். எவனும் எதையும் அழிக்கக் கூடாது, நான் வர்ற வரைக்கும்" என்று மூச்சுவெட்டியை ஒரு முறை முறைத்துவிட்டு இறங்கிப் போனாள். அழிக்கிற எண்ணமே இல்லாத மூச்சுவெட்டி எதற்கும் இருக்கட்டும் என்று கையைக் கணினியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

குரல்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு எங்கே போவாள். மைக் அணைந்திருந்தது. ஸ்பாஞ்சுச் சுவரில் தலையைச் சாய்த்தாள். அந்த அறையில் உட்கார்ந்தால் தூக்கம் கேட்காமலே வரும், வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை நின்றது. வேதத்தில் இருக்கிற அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ராஜாக்களும் இடையர்களும், கிழவிகளும், வம்சப்பட்டியலில் பெயர் மட்டுமாக இருக்கிறவர்களும். டயர் கடை மாடிப்படி வரைக்கும் வரிசை இறங்கியது. ஒவ்வொருவராக உள்ளே வந்து தாங்கள் குடியிருக்கும் இடத்தைச் சொன்னார்கள். ஒரு ராஜா தனக்கு நாலு அத்தியாயம் என்றார், சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது அவருக்கு. அவர் பின்னால் வந்தவன், "எனக்கு ஒரு வரி. அதுலயும் பாதி எங்கப்பாவுக்கு" என்றான். அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். பாதி வரி இருக்கிறவனுக்கும் இருக்கிற இடம் இருக்கிறதே.

கடைசியாக ஒன்று வந்தது. நடந்து வரவில்லை, ஆனால் வந்தது. கைக்குள் அடங்குகிற அளவு. அவளுக்கு அதைத் தெரியும். "நீ எங்க இருக்க?" என்று கேட்டாள். அது தன் இடத்தைக் காட்டியது. ஒரு பக்கம் மூடாத பள்ளம், ஒரு பக்கம் கட்டாத மாடு. நடுவில் கொஞ்சம் நிழல். அங்கே போய் அது உட்கார்ந்துகொண்டது. "இங்கயா? இங்க போய் ஏன் உக்காந்த? வா, வேற நல்ல இடம் பாப்போம்" என்று அவள் அழைத்தாள். புத்தகம் முழுவதும் தேடினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லா இடத்திலும் பிறந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். விழித்துப் பார்த்தால் பென்சிலம்மா. மாடிப்படி ஓடி ஏறியதில் முகமெல்லாம் வியர்வை. அவள் அப்படிச் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. குரல்காரி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"முடிச்சிட்டேன்" என்றாள் பென்சிலம்மா மூச்சு வாங்க. "தலைவர் ஒத்துக்கிட்டாரு. பழைய சட்டம், இப்ப எங்கயும் நடப்புல இல்ல, கேக்குறவங்களுக்கும் சங்கடம், அந்த வரியையே விட்டுடலாம்னுட்டாரு. அந்த வரி மட்டும் இல்ல, அது மாதிரி சங்கடமான வரி இன்னும் இருந்தாலும் குறிச்சுக் குடுங்க, எடுத்துடலாம்னு சொல்றாரு."

ஒரு எழுத்து பிசகினால் பென்சிலைத் தூக்கச் சொன்னவர்கள், ஒரு வரியையே தூக்கிவிடலாம் என்று ஒரு மணி நேரத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். பெரிய மனிதர்களுக்குச் சங்கடம் என்று வந்துவிட்டால் வேதமாவது ஒன்றாவது. ஆனால் பென்சிலம்மாவைச் சொல்லக்கூடாது. அவள் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிழையை வேண்டும் என்றே கேட்டு வாங்கி வந்திருந்தாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

குரல்காரி சிரிக்கவில்லை.

"எடுத்துடுவாங்களா? அப்புறம் அந்த இடத்துல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. பள்ளம் முடிஞ்சதும் மாடு வந்துடும். வெட்டுன இடமே தெரியாம ஒட்டிடுவாரு" என்று மூச்சுவெட்டியைக் காட்டினாள். மூச்சுவெட்டி அடக்கமாகத் தலையசைத்தார்.

"வேற எங்கயாவது வருதா அக்கா? இது மாதிரி, பொறக்காமப் போனது. புத்தகம் பூரா உங்களுக்குத் தெரியுமே."

பென்சிலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அவள் விரல் மேசையில் ஓடி வந்தது தெரிந்தது. "வயித்துல இருந்ததைப் பத்திப் பல இடத்துல வருது" என்றாள் மெதுவாக. "ஆனா அவங்க எல்லாரும் பொறந்துடுறாங்க. பொறக்காமப் போனது... இது ஒண்ணுதான். இந்த ஒரு வரிதான்."

"அதையும் எடுத்துட்டா?"

 கீழே டயர் கடையில் சுத்தியல் அடிக்கிற சத்தம் கேட்டது.

"எடுக்கக் கூடாது" என்றாள் குரல்காரி. "விலை கம்மியாத்தான் போட்டிருக்காங்க. எனக்குப் பிடிக்கல. சாகுற வரைக்கும் பிடிக்காது. ஆனா அந்தப் பிள்ளை விழுந்ததை ஒருத்தன் பாத்திருக்கான். பாத்துட்டு, இதை இப்படியே விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கான். அவ்வளவு பெரிய புத்தகத்துல என் பிள்ளைக்கு அந்த ஒரு இடம்தான் இருக்கு. அதையும் சங்கடம்னு சொல்லித் துடைச்சிட்டா, அது எங்க போய் உக்காரும்?"

"போக வர ஆட்டோக் காசு வீணா?" என்றாள் பென்சிலம்மா. அப்படிச் சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தைப் புரட்டி, பள்ளத்துக்கு அடுத்த வரியில் விரலை வைத்தாள்.

குரல்காரி உள்ளே போனாள். ஒரு துண்டு ஆப்பிளைக் கடித்துக்கொண்டாள். பதிவு தொடங்கியதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. மிரட்டாமல், அழாமல், பட்டியலில் வருகிற பெயர்களை வாசிப்பது போலவே ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இடத்தில் உட்காரவைத்து வாசித்தாள். தாய், பிள்ளை, தண்டம். தகப்பனைக் கேட்க வேண்டும் என்ற இடம் வந்தபோது, அதற்கு முன் எத்தனை தடவை கண்ணில் பட்டும் காதில் விழாத ஏதோ ஒன்று அவள் குரலிலேயே அவளுக்குக் கேட்டது. ஒரு நொடி நின்றாள். பென்சில் மேலே போகவில்லை. மேலே வாசித்தாள், மாடு வந்தது, சாயங்காலம் வரைக்கும் வேலி, கழுதை, கிணறு என்று பிசகில்லாமல் வாசித்து முடித்தாள்.

வீட்டுக்குப் போனபோது கணவன் சமையலறைக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். லிஃப்ட் கம்பியில் பூசுகிற மசி லேசில் போகாது. சோப்பைப் போட்டு விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் கதவோரமாகச் சாய்ந்து நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? இன்னைக்குச் சட்டப் பகுதி படிச்சேன்" என்று தொடங்கி அந்த வரியை அவனுக்குச் சொன்னாள். தள்ளிவிட்டது, விழுந்தது, தண்டம், எல்லாவற்றையும். "எவ்வளவுன்னு தகப்பனைத்தான் கேக்கணுமாம். என்கிட்ட எல்லாரும் வந்து வந்து பேசினாங்க. உங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"என்னை எதுக்குக் கேக்கணும்? நானா சுமந்தேன்?" என்றான் குழாயைப் பார்த்துக்கொண்டே.

"நானும் கேக்கல. இப்ப கேக்குறேன். உங்க பிள்ளை போச்சு. அதுக்கு என்ன வேணும்னு கேட்டா, என்ன சொல்லுவீங்க?"

"நம்மளை யாரும் தள்ளலையே. யார்கிட்ட போய்க் கேக்குறது?"

"யார்கிட்டயோ. கேட்டாங்கன்னு வைங்க."

அவன் நெடுநேரம் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மசி எப்போதோ போய்விட்டிருந்தது. பிறகு குழாயை மூடினான்.

"அன்னைக்கு நர்ஸ் வெளிய வந்து கூப்பிட்டா. பொம்பளப் பிள்ளை, பாக்குறீங்களான்னு கேட்டா. நான் வண்டி பிடிக்கணும்னு சொல்லிட்டு விறுவிறுன்னு கீழ எறங்கிப் போயிட்டேன்." நிறுத்தினான். "வண்டி வாசல்லயேதான் நின்னுச்சு."

 அவன் ஈரக் கையோடு அவள் பக்கம் திரும்பினான். அந்தப் பேச்சு வராத வாய் இத்தனை மாதம் என்னத்தைக் கடித்துக்கொண்டிருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்குக் காசும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ பாத்தேல்ல. முகம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. அதுதான் நான் கேப்பேன். உன்கிட்டதான் இருக்கு, நீதான் குடுக்கணும்."

அவள் அங்கேயே சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்தான். எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு மேலிருந்தே போகலாம் என்று தீர்மானித்தாள்.

"நெத்தி அப்படியே உங்க அக்கா" என்றாள்.

"அய்யோ" என்று சொல்லிச் சிரித்தான் அவன். சிரித்தவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் அவசரப்படுத்தவில்லை. அவன் நிமிர்ந்து மேலே சொல் என்பது போலப் பார்க்கும்வரை காத்திருந்துவிட்டு, புருவத்துக்கு வந்தாள்.